வாண்டாவின் சிவப்புக் காந்தம்

மற்றவர்கள் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் பேரப்பிள்ளைகளின் படம் இருக்கும், பல் டாக்டரிடம் போகவேண்டிய தேதி இருக்கும். வாண்டா க்ரெப்ஸ் வீட்டில் பதினொரு வருஷமாக ஒரே ஓர் அட்டைதான். ‘டரெல் ஆஸ்ட்ராண்டர், லைன்பேக்கர்’ என்று அச்சடித்த, மூலை மடங்கிப்போன அட்டை. அதைப் பிடித்துக்கொண்டிருந்தது காசளவு சிவப்புக் காந்த வில்லை ஒன்று.

ஏப்ரல் மாதச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலைக் காபி ஆறிக்கொண்டிருக்கும்போது, அந்த வில்லையைப் பிய்த்து எடுத்தாள். அட்டை நழுவித் தரையில் விழுந்தது. குனிந்து எடுத்துத் துடைத்தாள். குப்பையில் போட மனசு வருமா? கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

“கோவிச்சுக்காதேப்பா. வேற வழி இல்ல” என்று அட்டையிடம் சொல்லிவிட்டுக் காரை எடுத்தாள்.

டொலிடோ அணிக்கு வாண்டா இருபத்து மூன்று வருஷமாக ஸ்கவுட். ஊர் ஊராகப் போய்க் கல்லூரிப் பையன்கள் ஆடும், பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற அமெரிக்கக் கால்பந்தைப் பார்த்து, யார் தேறுவான், யார் தேறமாட்டான் என்று எழுதிக் கொடுக்கிற வேலை. மழையில் நனைந்து, பெட்ரோல் பங்க் சான்ட்விச்சைத் தின்று, மோட்டல் படுக்கையில் முதுகைக் கெடுத்துக்கொள்கிற வேலை. வருஷம் முழுக்கப் பாடுபட்டதெல்லாம் ஏப்ரல் கடைசியில் ட்ராஃப்ட் அன்றைக்கு முடிவாகும். முப்பத்திரண்டு அணிக்காரர்களும் சுற்றுச் சுற்றாக, வரிசைப்படி ஆளுக்கொருவனாக எடுத்துக்கொண்டே போவார்கள். இந்த வருஷம் டொலிடோவுக்குப் பதினோராவது இடம்.

அந்த அணியில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு ஸ்கவுட்டுக்கும் ஒரே ஒரு சிவப்பு வில்லை. சுவரில் இருக்கும் பெரிய பலகையில் ஒரு பையனின் அட்டைமேல் அதை வைத்தால், ‘இவனுக்கு நான் ஜவாப்தாரி, இவன் வீணாய்ப்போனால் என்னைத் திட்டுங்கள்’ என்று அர்த்தம். பையன் தேறினாலும் சரி, அணியிலிருந்து அவனை அனுப்பிவிட்டாலும் சரி, வேறு அணிக்காரன் கொத்திக்கொண்டு போனாலும் சரி, வில்லையை எடுத்து அடுத்தவன்மேல் வைக்கலாம். எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். இருப்பதிலேயே மூத்தவரான டச் வான்ஸ், இதுவரை ஒன்பது பேர்மேல் வைத்து எடுத்திருக்கிறார். அதில் ஆறு பேரின் பெயர் அவருக்கே மறந்துவிட்டது. மனுஷருக்கு ஒரு கூச்சமும் கிடையாது.

வாண்டா மட்டும் பதினொரு வருஷமாக வைக்கவில்லை. பயந்துவிட்டாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். பயப்படாமல் என்ன செய்வாள், டரெல் விஷயத்தில் பட்டது கொஞ்சமா என்றும் சொல்லிக்கொண்டார்கள். லைன்பேக்கர் என்றால் பந்தோடு வருகிற எதிராளியை மடக்கிப் போடுகிறவன். அவள் வில்லை வைத்தாள் என்பதற்காகத்தான் அந்த லைன்பேக்கரைப் பதினாலாவது ஆளாக எடுத்தார்கள். மூன்று வருஷத்தில் மூன்று பயிற்சியாளர்கள் மாறினார்கள். ஒருவன் முன்னால் நில் என்றான், அடுத்தவன் பின்னால் போ என்றான். சொந்த ஊர்க் கூட்டமே அவனைப் பார்த்து ஊளையிட்டது. கடைசியில் அனுப்பிவிட்டார்கள். இன்றைக்கும் ஏப்ரல் வந்தால் போதும், ‘காலத்துக்கும் மறக்காத வீண் தேர்வுகள்’ என்று பத்திரிகைக்காரர்கள் போடும் பட்டியலில் அவன் படம் தவறாமல் வரும்.

அவனை அனுப்பிய அன்றைக்கு வாண்டா அவன் வீட்டுக்குப் போயிருந்தாள். தட்டுமுட்டுச் சாமான்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த அந்த ஆறடி இரண்டங்குலப் பையன் நிமிர்ந்து பார்த்துச் சொன்னான்: “என்னால உங்க பேரு கெட்டுப்போச்சு, வாண்டா. மன்னிச்சுக்கங்க.” அவன் மன்னிப்புக் கேட்கிறான்! அதற்கப்புறம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவன் அட்டையிலிருந்து வில்லையை எடுப்பது? வீட்டுக்குக் கொண்டுபோனாள். குளிர்பெட்டிக் கதவில் வைத்தாள். அது அங்கேயே இருந்துவிட்டது.

இதெல்லாம் வேறு யாருக்கும் தெரியாது.

கூட்ட அறையில் பொது மேலாளர் பர்க் லாசன் மேஜையின் தலைப்பக்கம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஆட்டப் புள்ளிவிவரக் கணக்குப் பார்க்கும் ஈதன் ஷ்ராக், மடிக்கணினியும் கையுமாக. ஒவ்வொருவராக எழுந்துபோய்ப் பலகையில் வில்லை வைத்துவிட்டு வந்தார்கள்.

“வாண்டா, உன்னைக் கேக்கணுமா, விட்டுடலாமா?” என்றார் பர்க், அடுத்த தாளைப் புரட்டிக்கொண்டே.

வாண்டா எழுந்து நின்றாள்.

“அடியாத்தீ! வில்லைய லாக்கர்லருந்து எடுத்துட்டியாம்மா?” என்றார் டச்.

“வாயை மூடும் ஓய்” என்று சொல்லிக்கொண்டே பலகைக்குப் போனாள். ‘மார்க்கெல் ஹாப்சன், லைன்பேக்கர்’ என்ற அட்டைமேல் வைத்தாள். மூன்றாம் வரிசையில் கிடந்த அந்த அட்டையை அப்படியே தூக்கிப் பதினோராவது இடத்துக்கு நேராகவும் ஒட்டினாள்.

“மறுபடியும் லைன்பேக்கரா!” என்று யாரோ முனகினார்கள்.

ஈதன் தொண்டையைச் செருமிக்கொண்டான். நல்ல பிள்ளை, யாரையும் மட்டம் தட்டிப் பேசத் தெரியாதவன். “வாண்டா, தப்பா எடுத்துக்காதீங்க. பையன் மோசம்னு நான் சொல்லல. இடம் ரொம்ப மேலன்னு சொல்றேன். இருபது வருஷக் கணக்கு என்கிட்ட இருக்கு. முதல் சுற்றுல எடுத்த லைன்பேக்கருக்கும் மூணாம் சுற்றுல எடுத்தவனுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. ஆனா பந்து வீசுற குவார்ட்டர்பேக்கைக் காப்பாத்துறவன், அவன்மேல பாயுறவன், இவங்க எல்லாம் மேலேயே தீர்ந்துபோயிடுவாங்க. லைன்பேக்கர் அப்புறமும் கிடைப்பான்.”

“லைன்பேக்கர் கிடைப்பான். இவன் கிடைக்கமாட்டான்.”

“இவன் மடக்கிப் போட்டது ஆட்டத்துக்கு ஆறுதாங்க. நாட்டுல எண்பது பேர் இவனுக்கு மேல இருக்காங்க.”

“நீ எண்ணினது அவன் மடக்கினதை. நான் எண்ணினது வேற.” கைப்பையிலிருந்து, மழையில் நனைந்து உப்பிப்போன நோட்டு ஒன்றை எடுத்து மேஜையில் போட்டாள். “பந்து எழும்புறதுக்கு முன்னாடி இவன் பக்கத்துல நிக்கிறவன் முதுகுல ஒரு தட்டு தட்டி ரெண்டு அடி இந்தப் பக்கம் தள்ளுவான். பந்து நேரா அங்கேதான் வரும். தள்ளி நிறுத்தினவன் மடக்குவான். பேரு அவனுக்குப் போகும். இந்த சீசன்ல முப்பத்தோரு தடவை. உன் கணக்குல இது எந்தக் கட்டத்துல வருது?”

ஈதன் நோட்டைப் புரட்டிப் பார்த்தான். “எந்தக் கட்டத்துலயும் வரல” என்று ஒப்புக்கொண்டான். அதோடு நிறுத்தியிருக்கலாம். நேர்மையான பிள்ளை ஆயிற்றே, திரையைப் பார்த்தவாறு அதையும் கேட்டுவிட்டான்: “உங்க அறிக்கையில ‘பயிற்சியாளர் கவனமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்’னு எழுதியிருக்கீங்க. பேரு எழுதலையே. கல்லூரியோட இணையப் பக்கத்துல டரெல் ஆஸ்ட்ராண்டர்னு போட்டிருக்கு. அவரா?”

வாண்டாவுக்குக் காது மடல் சூடேறியது. நவம்பரில் அறிக்கை எழுதியதிலிருந்து அந்தப் பெயரைத்தான் மூடி மூடி வைத்திருந்தாள். அந்தப் பெயர் தெரிந்தால் பையனின் ஆட்டத்தை யாரும் பார்க்கமாட்டார்கள், சிரித்தே கொன்றுவிடுவார்கள் என்று தெரியாதா அவளுக்கு? அப்படியே ஆயிற்று. அறையே கொல்லென்று சிரித்தது.

“சபாஷ்! வீணாப்போனவன் இன்னொருத்தனை வளர்த்து அனுப்புறானா?” என்றான் ஒருவன்.

“ஏண்டா, எழுந்து நின்னு சொல்லேன் அதை” என்று திரும்பினாள் வாண்டா. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

பர்க் மட்டும் சிரிக்கவில்லை. “மறைச்சது தப்பு, வாண்டா” என்றார்.

“தப்புதான். ஒத்துக்கறேன்.”

“அவனைக் கூப்பிடு. எல்லாரும் கேக்கற மாதிரி. அவனே சொல்லட்டும்.”

வாண்டாவுக்கு உள்ளுக்குள் நிம்மதிதான். டரெல் பேசினால் கல்லும் நம்பும் என்று நினைத்தாள். மேஜை நடுவில் இருந்த ஒலிபெருக்கி ஃபோனில் எண்ணை அழுத்தினாள்.

“சொல்லுங்க வாண்டா” என்றான் டரெல். பின்னால் விசில் சத்தமும் பையன்களின் கூச்சலும் கேட்டன.

“டரெல், நான் பர்க் லாசன். நீ ஆடினப்போ நான் இங்க இல்ல. உன் பையனைப் பதினோராவதா எடுக்கணும்னு வாண்டா சொல்றா. நீ என்ன சொல்றே?”

எதிர்முனையில் அவன் நடந்து போவது கேட்டது. கூச்சல் அடங்கியது.

“எடுக்காதீங்க சார்.”

வாண்டா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

“அவனை மாதிரி ஒருத்தனை நான் பார்த்ததில்ல. ஆனா பதினோராவதா வேண்டாம். ரெண்டாம் சுற்றுல எடுங்க, நாப்பதாவதா எடுங்க. யாரும் எதிர்பார்க்காத ஆளா உள்ள வரட்டும். ஒரு வருஷம் தப்பு பண்ணட்டும், கத்துக்கட்டும். சார், என்னை அறுபதாவதா எடுத்திருந்தா, ‘பரவாயில்லையே, நல்ல பையன் கிடைச்சான்’னு சொல்லியிருப்பீங்க. அதே ஆள்தான் நான். அதே கை, அதே காலு. பதினாலுன்னு ஒரு நம்பரை முதுகுல ஒட்டினீங்க, நான் மோசமானவன் ஆயிட்டேன்.” பிறகு வாண்டாவிடம் சொன்னான்: “வாண்டா, உங்களைச் சொல்லல. உங்க மேல எனக்கு எந்தக் கோவமும் இல்ல. இவன் அந்தப் பக்கம் போகவேண்டாம், அவ்வளவுதான்.”

ஃபோனை வைத்துவிட்டான். யாரும் சிரிக்கவில்லை. ஈதன்கூட மடிக்கணினியை மூடிவிட்டான்.

“வில்லைய எடுத்துடறியா?” என்று மெதுவாகக் கேட்டார் பர்க்.

“பத்து நிமிஷம் குடுங்க” என்று வெளியே வந்தாள்.

கார் நிறுத்துமிடத்தில் காற்று சுழற்றி அடித்தது. பதினொரு வருஷம் டரெலுக்காக வருந்தினாள் சரி, ஆனால் எதற்காக என்று ஒருநாளும் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததில்லை. அவனைத் தப்பாக எடைபோட்டுவிட்டோம் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாள். எடை சரிதான். தூக்கி வைத்த இடம்தான் அவனைச் சாய்த்துவிட்டது. இப்போது அதே கையால் இன்னொரு பிள்ளையை அங்கேயே தூக்கி வைக்கப் போகிறாளா? எடுத்துவிடலாம் என்றுதான் முக்கால்வாசி முடிவு செய்தாள். அப்புறம், சம்பந்தப்பட்டவனை யாரும் கேட்கவில்லையே என்று தோன்றியது. மார்க்கெலைக் கூப்பிட்டாள்.

“சலவைக் கடையில இருக்கேன் மேம். மிஷின் சத்தம் போடும், கோவிச்சுக்காதீங்க.”

டரெல் சொன்னதை ஒளிக்காமல் சொன்னாள். அவன் சிரித்தான்.

“எனக்கும் சொல்லிட்டாரு மேம். தினம் சொல்றாரு. பயப்படறாரு, பாவம்.”

“உனக்குப் பயம் இல்லையா?”

“இல்லாம என்ன? நிறையவே இருக்கு.” பின்னால் ஏதோ மிஷின் தடதடவென்று ஆடி நின்றது. “ஆனா மேம், பந்து எந்தப் பக்கம் வரும்னு பார்த்து முன்னாடியே அங்க போய் நில்லுன்னு சொல்லிக்குடுத்தவரே அவருதான். இப்ப மட்டும் ஒதுங்கி நில்லுன்னா எப்படி? ஒதுங்கத் தெரிஞ்சா நான் லைன்பேக்கரே இல்லையே.”

“ஊளையிடுவாங்கடா.”

“இடட்டும். கோச் விழுந்தப்போ பக்கத்துல யாரும் இல்ல. நான் விழுந்தா அவரு ஃபோனை எடுப்பாருல்ல?”

வாண்டாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “எடுப்பாரு” என்று மட்டும் சொன்னாள்.

அறைக்குத் திரும்பியவள் உட்காரவில்லை. “வில்லை இருக்கட்டும்” என்றாள். “டரெல் சொன்னது உண்மை. அவனை எடுத்தது நாம, அப்புறம் தனியா விட்டதும் நாம. அதுக்கு இந்தப் பையன் ஏன் கீழ இறங்கணும்? எடுங்க, எடுத்தபிறகு அவன்கூட நில்லுங்க.”

பர்க் பலகையை ஒருமுறை பார்த்தார். அட்டையை இறக்கச் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க அது பதினொன்றுக்கு நேராகவே இருந்தது.

ட்ராஃப்ட் அடுத்த வாரம் வியாழக்கிழமை. முதல் பத்துப் பெயர்களும் போயின. ஒருவன்கூட லைன்பேக்கர் இல்லை. டொலிடோவின் முறை வந்தபோது பர்க்கின் கையில் இருந்த ஃபோன் அடித்தது. மேற்குக் கடற்கரை அணி ஒன்று பேரம் பேசியது: உங்கள் பதினொன்றை எங்களுக்குக் கொடுங்கள், எங்கள் பத்தொன்பதையும் மூன்றாம் சுற்றில் ஓர் இடத்தையும் தருகிறோம்.

பர்க் ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு ஈதனைப் பார்த்தார்.

“தாராளமா பண்ணலாம். பத்தொம்பதுலயும் மார்க்கெல் இருப்பான். லைன்பேக்கரை யாரும் முன்னாடி எடுக்கமாட்டாங்க. நமக்கு அவனும் ஆச்சு, கூட இன்னொருத்தனும் ஆச்சு” என்றான் ஈதன்.

“வேண்டாம் பர்க்” என்றாள் வாண்டா. “யாரும் எடுக்கமாட்டாங்கன்னு முப்பத்திரண்டு பேரும் உக்காந்து நினைச்சுக்கிட்டிருக்கோம். ஒருத்தன் நினைக்காம இருந்தா போதும்.”

“உன் பையனைத்தானே எடுக்கப்போறோம்? எட்டு இடம்தானே? டரெல் கேட்டமாதிரியும் ஆச்சு, கொஞ்சம் கீழ.” பர்க் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். அதுதான் கொடுமை. ஃபோனில் சரி என்றுவிட்டார்.

பன்னிரண்டு போயிற்று. பதிமூன்று, பதினாலு. வாண்டாவின் கை கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தது. பதினைந்து, பதினாறு. இன்னும் இரண்டே பேர். டச் தன் வேர்க்கடலைப் பொட்டலத்தை அவள் பக்கம் நகர்த்தினார், அவள் தொடவில்லை.

பதினேழாவதாகத் தெற்கத்தி அணி ஒன்றின் முறை. திரையில் ஒருவர் மேடைக்கு வந்து சீட்டைப் பிரித்தார். “மார்க்கெல் ஹாப்சன், லைன்பேக்கர்.”

பர்க் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். திரையில், ஒரு சின்ன வீட்டு வரவேற்பறையில், அத்தை மாமன் கூட்டத்துக்கு நடுவே மார்க்கெல் எழுந்து நின்றான். பக்கத்தில் இருந்த பெரிய உருவம் ஒன்று அவனைக் கட்டிக்கொண்டு தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அது டரெல்.

“என் தப்பு வாண்டா” என்றான் ஈதன். அவன் கண்ணும் கலங்கியிருந்தது.

“உன் கணக்கு தப்பில்லப்பா. ஊருக்கெல்லாம் அதே கணக்குதான்” என்று அவன் தோளைத் தட்டினாள். பலகைக்குப் போய் மார்க்கெலின் அட்டையை எடுத்து வேற்று அணியின் வரிசைக்கு மாற்றி ஒட்டினாள். வழக்கப்படி தன் வில்லையை எடுத்துக்கொண்டாள். வயிறு எரியாமல் இருக்குமா? எரிந்தது. கண் முன்னால் பறிகொடுத்தாகிவிட்டது. வெளியே தாழ்வாரத்துக்கு வந்து சோடா மிஷின்மேல் சாய்ந்துகொண்டாள்.

ஃபோன் அடித்தது.

“வாண்டா, பதினேழு!” டரெல் மூக்கை உறிஞ்சினான். சுற்றிலும் ஒரே கும்மாளம். “என்னைவிட மூணு இடம் கீழ. பொழைச்சுக்குவான்.”

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. “பொழைச்சுக்குவான். கூட நீ இருக்கே.”

“அவங்க பயிற்சியாளர் இப்பவே என்கிட்ட பேசினாரு. கூட்டமா கத்தறாங்களே, கேக்குதா? சமையல்கட்டுக்கு வந்துட்டேன்.” கும்மாளம் தணிந்தது. அவன் குரலும் தணிந்தது. “அன்னைக்கு அப்படிப் பேசிட்டேன். நீங்க பதினொரு வருஷம் கழிச்சு வில்லைய வெச்சீங்களாமே, அது எனக்குத் தெரியாது. டச் இப்பதான் மெசேஜ்ல சொன்னாரு. உங்க காலை வாரிட்டேன்ல?”

“போடா. உண்மையைத்தானே சொன்னே.”

“ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருந்தேன்.” சின்னப் பையனைப்போல இழுத்தான். “என்மேல வெச்சிருந்த வில்லைய எப்ப எடுத்தீங்க? அனுப்பினாங்களே, அன்னைக்கேவா?”

வாண்டா கைப்பையைத் திறந்தாள். மூலை மடங்கிய அட்டை கைக்குத் தட்டுப்பட்டது.

“போன வாரம் செவ்வாய்க்கிழமை” என்றாள். “அதுவும் உன் பையனுக்காகத்தான் எடுத்தேன்.”

மறுமுனையில் டரெல் மறுபடியும் மூக்கை உறிஞ்சினான். வாண்டா ஃபோனைக் காதோடு வைத்துக்கொண்டே கூட்ட அறைக்குத் திரும்பினாள். பலகையில் பதினோராவது இடத்துக்கு நேரே காலியாகக் கிடந்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, டரெல் ஆஸ்ட்ராண்டரின் அட்டையை அங்கே வைத்துச் சிவப்பு வில்லையை அதன்மேல் ஒட்டினாள்.

“இன்னும் இருக்கீங்களா வாண்டா?” என்றான் டரெல்.

“இருக்கேன்ப்பா” என்றாள்.